அக்காவுக்கு இருந்தது கல் அல்ல

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் உறவினர்கள் சிலர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். அக்காவின் நோயைப் பற்றி எழுதும் இடம் வரும்போது, "சிறிது காலம் உடல்நலம் குன்றியிருந்து இயற்கை எய்தினார்" என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். நம் குடும்பத்தில் இதுவரை வந்த நினைவு மலர்களை எடுத்துப் பார்த்தேன். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் சிறிது காலம் உடல்நலம் குன்றித்தான் போயிருக்கிறார்கள். வெளியாள் யாராவது படித்தால் நம் வம்சமே ஏதோ ஒரு சளிக்காய்ச்சலில் அழிந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்.

அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. எழுதக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. அவர் இருந்த காலத்திலேயே அவருடைய உத்தரவுகளை மீறும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. இப்போது எங்கிருந்து வரும்?

அக்காவுக்கு வந்தது சிறுநீரகப் புற்றுநோய். பிறகு அது சினைப்பைக்குப் பரவியது. எழுதிவிட்டேன். எழுதியதும் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. அந்தச் சொல்லை இத்தனை வருடம் குரல் தாழ்த்தியே சொல்லிப் பழகிய வீடு எங்களுடையது. ஆகவே இந்தக் கட்டுரையை பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலர்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று என்னை உங்களில் பலருக்குத் தெரியும். அவற்றைப் படித்துச் சிரித்த ஒரே ஆள் அக்காதான். அதுவும் நான் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான்.

அக்கா ஸ்ரீராம்புரத்தில், மில் தொழிலாளியான எங்கள் அப்பாவுக்கும் பூக்கட்டி விற்ற அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். நான் எட்டு வருடம் கழித்துப் பிறந்தேன். தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்ததும் அவர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனார். நான் கல்லூரிக்குப் போனேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தொடர்பை அக்கா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஃபாக்டரியில் அவர் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வந்த சட்டையை மேஜைமேல் விரித்து, விளிம்பு நெடுக விரலை ஓட்டி, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. நான் வேலை கிடைத்து, திருமணமாகி, வைட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு வாங்கியபோது அக்கா முதல்முறை பார்க்க வந்தார். வாசல் காவலர் அவரை நிறுத்திவிட்டு, உள்ளே விடலாமா என்று என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினார். மேலே வந்த அக்கா என் சட்டைக் கையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன்னையும் இப்பிடிக் கேட்டில நிறுத்திப் பாத்துத்தான் உள்ள விடறாங்களா? இல்ல, செக்கிங் இல்லாமயே பாஸ் பண்ணிட்டாங்களா?" என்றார்.

அவர் கணவர், என் மாமா, மகள் வெண்ணிலா சின்னப் பெண்ணாக இருந்தபோதே மாரடைப்பில் காலமானார். அதற்குப் பின் அக்காவுக்கு உலகத்தில் ஒரே பயம்தான் இருந்தது. அது வெண்ணிலாவின் எதிர்காலம். மற்ற பயங்களுக்கு அவரிடம் இடம் இல்லை. சிறுநீரில் ரத்தம் வந்தபோதுகூட மாதக்கணக்கில் வெளியே சொல்லவில்லை.

"வலிக்கவே இல்லடா. அதான் சொல்லல" என்றார்.

வலி இல்லாமல் ரத்தம் வருவதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். இடது சிறுநீரகத்தில் கட்டி. புற்றுநோய். சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். வெண்ணிலா அப்போது பி.யூ.சி., அதாவது இங்கத்துப் பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். மயக்கம் தெளிந்து, தண்ணீர் குடிக்கவும் அனுமதி கிடைக்காத நிலையில், அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"யார் கேட்டாலும் கல்லுன்னு சொல்லு. கல்லு அடைச்சு கிட்னி வீணாப் போச்சு, எடுத்துட்டாங்க. அவ்ளோதான்."

"எதுக்குக்கா?"

"பொண்ணு இருக்கிற வீடுடா. கேன்சர்னு ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும், நாளைக்கு அவளைப் பாக்க வர்றவன் சந்து முனையிலயே திரும்பிடுவான்."

"வெண்ணிலாகிட்ட?"

"அவகிட்டயும் கல்லுதான்."

இப்படித்தான் எங்கள் குடும்பத்துக்குக் கல் வந்தது. நோயைவிட அது வேகமாகப் பரவியது. ஒரே வாரத்தில் ஸ்ரீராம்புரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்லுக்கு மருந்து வாழைத்தண்டு என்பது நம் ஜனங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஜீவனஹள்ளி சித்தி இரண்டு பஸ் மாறி, ஒரு முழுத் தண்டை மடியில் கிடத்திக்கொண்டு வந்தார். குழந்தைக்கு டிக்கெட் எடுத்தீர்களா என்று கண்டக்டர் கேட்காத குறை. சந்து முனையில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை நடத்தும் சரோஜாம்மா, அக்காவின் சிறுவயதுத் தோழி, சனிக்கிழமை தோறும் வாழைத்தண்டுச் சாறு எடுத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து, அக்கா குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றார். அக்காவுக்கு வாழைத்தண்டின் வாசனையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். குடித்துவிட்டு, "இப்பத் தேவலாம்" என்பார்.

வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு வருடம் அக்கா முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு என்னோடு வந்தார். அடுத்த முறை புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவர், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் ஆட்டோவிலேயே ஏறிவிட்டார்.

"பாதி ஸ்ரீராம்புரம் உள்ள நிக்குதுடா."

உள்ளே நின்றவர்களும் ஊரில் கல் என்றுதான் சொல்லிவைத்திருப்பார்கள் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அத்தோடு ஸ்கேன் நின்றது. ஒழுங்காக எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த பதில் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

சிறுநீரகம் எடுத்து ஆறு வருடம் ஆனபோது வெண்ணிலா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சரோஜாம்மாவின் மகன் பிரபுவுக்கும் அவளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. இரண்டு வீட்டிலும் சம்மதம். அக்காவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடு வயிறும் கொஞ்சம் பெருத்திருந்தது. பாவாடை நாடா எட்டவில்லை என்று சிரித்தார். சந்தோஷத்தில் சதை போட்டிருக்கிறது என்று நானும் சிரித்தேன். என் நகைச்சுவைக்கு ஒரு வரலாறு எழுதினால் அந்தச் சிரிப்புக்கு அதில் தனி இடம் உண்டு.

அடிவயிறு கனக்கிறது என்று சொன்ன பிறகுதான் வெண்ணிலா அவரை மகளிர் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். நான் வைட்ஃபீல்டு போக்குவரத்தில் சிக்கிக் கிடந்தேன். சினைப்பையில் பெரிய கட்டி. இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வெண்ணிலா சொன்னாள்: "ஸ்டோனால ஒரு கிட்னி எடுத்துட்டாங்க டாக்டர்." அவளுக்கு அது உண்மை. உண்மை என்று நம்புகிறவர் வாயிலிருந்து வரும் பொய்யை எந்த டாக்டரும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்விப்பட்டதும் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். "டாக்டர்கிட்ட சொல்லிடலாம்க்கா."

"இன்னாத்த சொல்றது? அது முதுகுப் பக்கம், இது கர்ப்பப்பை பக்கம். அதுக்கும் இதுக்கும் இன்னாடா சம்பந்தம்? நிச்சயம் முடியட்டும், சொல்லிக்கலாம்."

சிறுநீரகத்தோடு எடுத்து வீசிய ஒன்று ஆறு வருடம் பதுங்கியிருந்து சினைப்பையில் போய் முளைக்கும் என்று, இத்தனை புத்தகம் படித்த எனக்கும் தெரியாது. அது அபூர்வமாகத்தான் நடக்குமாம். நம் வீட்டில் நடந்தது.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அது சினைப்பையிலேயே பிறந்தது என்றுதான் வெண்ணிலா உட்பட எல்லோரும் நினைத்தார்கள். புது நோய், அதற்கென்று மருந்து இருக்கிறது, சரியாகிவிடும். சரோஜாம்மாவிடம் "கர்ப்பப்பைக் கட்டி" என்று சொல்லிவைத்திருந்தோம். ஊசி மருந்து ஏற்றுவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முன் ஒரு மாலை. பார்வையாளர் நேரம். கட்டிலருகே ஸ்டூலில் சரோஜாம்மா, கையில் ஃபிளாஸ்க். கால்மாட்டில் வெண்ணிலா. ஜன்னலோரம் நான். டாக்டரம்மா வந்தார். கன்னடக்காரர், தமிழை நோயாளிகளிடமே கற்றுக்கொண்டவர். அன்றைக்கு வழக்கமான "ஊட்டா ஆய்தா அம்மா?" என்ற சாப்பாட்டு விசாரிப்பு இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். லேப்ல டவுட் பட்றாங்க. இது சினைப்பையில பொறந்த மாதிரி இல்லையாம். பாக்கறதுக்குக் கிட்னி கேன்சர் மாதிரி இருக்காம். உங்க கிட்னி எடுத்தாங்களே, அது கல்லுக்குத்தானே? நல்லா ஞாபகம் இருக்கா?"

"கல்லுதான் டாக்டர்" என்றாள் வெண்ணிலா.

"ஆமா டாக்டர்" என்றார் சரோஜாம்மா, ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி. "நான்தான் வாரம் தவறாம வாழைத்தண்டு ஜூஸ் குடுக்கறேன்."

அக்காவின் விரல் போர்வையின் விளிம்பில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது, தையல் தேடுவது போல. பிறகு, "அது அவ்ளோ முக்கியமா டாக்டர்?" என்று கேட்டார்.

"ரொம்ப முக்கியம்மா. இங்கயே பொறந்ததுன்னா ஒரு மருந்து. அங்கேருந்து வந்ததுன்னா வேற. மாத்திக் குடுத்தா நோயும் கேக்காது, மிச்சம் இருக்கிற ஒரு கிட்னியும்…"

அக்கா வெண்ணிலாவைப் பார்த்தார். சரோஜாம்மாவைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் அப்போது இருந்த பயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, கடைசி நாட்களிலும் பார்க்கவில்லை. உயிர் போய்விடும் என்ற பயம் அல்ல அது. ஆறு வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துக் காப்பாற்றியது கையை விட்டுப் போகப்போகிறது என்ற பயம்.

"கல்லு இல்ல டாக்டர்" என்றார். "கேன்சர்தான். இவளுக்குத் தெரியாது. இவங்களுக்கும் தெரியாது."

டாக்டர் எழுந்து, அப்போது வைத்தியம் எங்கே பார்த்தது, எந்த ஆஸ்பத்திரி என்று என்னைக் கேட்டுக்கொண்டு வேகமாகப் போனார். சரோஜாம்மா ஃபிளாஸ்க்கின் மூடியை இறுகத் திருகினார். அதைப் பைக்குள் வைத்தார். எழுந்து போய்விட்டார்.

"மாமா, உனக்குத் தெரியுமா?" என்று வெண்ணிலா என்னைக் கேட்டாள்.

"தெரியும்மா."

அவள் என் பக்கமிருந்து திரும்பிக்கொண்டாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பழைய ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தியிருந்த சிறுநீரகத் துணுக்கை வாங்கிவந்து, புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்கு மொழி போதாது. முடிவு வந்தபோது டாக்டர் கணினித் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கண்ணாடிக் குமிழிகள் போல, உள்ளே ஒன்றுமில்லாதது போல, வரிசை வரிசையாக உயிரணுக்கள். இரண்டும் ஒன்றுதான். பார்க்க அழகாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

குறித்திருந்த ஊசி மருந்தை ரத்து செய்தார்கள். அதற்கு பதிலாக மாத்திரை. நல்லவேளையாகச் சொன்னீர்கள் என்றார் டாக்டர். ஆனால் அக்காவின் கண் கதவில் இருந்தது. பார்வையாளர் நேரம் வரும், முடியும். சரோஜாம்மா வரவில்லை. அந்த மாலைக்குப் பிறகு அவர் வரவே இல்லை. இட்லிக்கடை திறந்திருக்கிறது, அந்த அம்மாள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஆட்டோக்கார நயாஸ் பாய் வந்து சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"கல்யாணம் போச்சு இல்லடா?" என்றார் அக்கா.

பிரபு வெண்ணிலாவுக்கு போன் செய்கிறானா என்று கேட்க எனக்கு பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே.

முடிவு வந்த மூன்றாம் நாள் சரோஜாம்மா வந்தார். அதே பை, அதே ஃபிளாஸ்க். அக்கா எழுந்து உட்கார முயன்றார்.

"இன்னா பாக்கற? வாழைத்தண்டு இல்ல. ராகி கஞ்சி."

"சரோஜா…"

"பேசாத. ஆறு வருஷம்டீ! விடியறதுக்குள்ள மார்க்கெட் போயி, தண்டு வாங்கி, நாரெடுத்து, அரைச்சு… ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சனிக்கிழமை கொஞ்சம் தூங்கியிருப்பேன், நீயும் வாய்க்கு நல்லதா எதாச்சும் குடிச்சிருப்ப."

"பொண்ணை…"

"உன் கிட்னியா எங்க வீட்டுக்கு வருது? பொண்ணுதானே வருது. எங்க பக்கத்துல ரெண்டு பேரு பேசத்தான் செஞ்சாங்க. நேத்து போயி டாக்டரைக் கேட்டுட்டேன். பொதுவா பசங்களுக்கு வராதாம், எதுக்கும் வெண்ணிலாவை ஒருதரம் ஸ்கேன் பாத்துக்கச் சொன்னாங்க. பிரபுவையும் பாத்துக்கச் சொல்லிட்டேன். அவன் தண்ணி குடிக்கிற லட்சணத்துக்கு அவனுக்குத்தான் கல்லு வரும்." மூடியில் கஞ்சியை ஊற்றி நீட்டினார். "கல்லுக்கு இன்னா குடுக்கணும்னு தெரியும். இதுக்கு இன்னா குடுக்கணும்னு எனக்குத் தெரியலடீ. கஞ்சி எடுத்தாந்தேன்."

அக்கா மூக்கைப் பிடிக்காமல் குடித்தார். குடித்துக்கொண்டே அழுதார். ஆறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாத்திரை ஒரு வருடத்துக்குமேல் நோயை நிறுத்தி வைத்தது. அதற்கு விலை வாங்கிக்கொண்டது. தலைமுடி பஞ்சு போல வெளுத்துவிட்டது. உள்ளங்கால் வெந்து தோல் உரிந்தது. உள்ளங்கை தடித்து, விளிம்பைத் தடவும் விரலுக்கு உணர்ச்சி மங்கியது. ஸ்கேன் எடுக்கும் வாரம் வந்தால் வீட்டில் குக்கர் சத்தம்கூடக் கேட்காது. முடிவு வாங்க நான் வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வருவேன். மெஜஸ்டிக்கில் ரயில் மாறும்போது அத்தனை கூட்டத்திலும் என் இதயம் அடிப்பது எனக்குக் கேட்கும். அப்படியே இருக்கிறது, வளரவில்லை என்று டாக்டர் சொன்னால், அடுத்த ஸ்கேன்வரை உயிரோடு இருக்க அனுமதி கிடைத்தது போல எல்லோரும் மூச்சு விடுவோம்.

அப்படி ஓர் இடைவெளியில் வெண்ணிலாவின் கல்யாணம் நடந்தது. அக்கா அரக்குப் பட்டு உடுத்தி, கால் எரிச்சலுக்கு என்னுடைய சாக்ஸை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "கேன்சர். சாப்பிட்டீங்களா?"

பிறகு நுரையீரலில் தெரிந்தது. மாத்திரையை மாற்றினார்கள். ஊசி போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். ஒரு மதியம், மூச்சு வாங்க, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்குடா."

"எனக்கும்க்கா."

"நீ ஜோக் எழுதறவன்தானே. ஒண்ணு சொல்லேன்."

எனக்கு ஒன்றும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வேண்டாத இடத்திலெல்லாம் வந்தது, கேட்டபோது வரவில்லை. பிறகு அக்காவே சொன்னார்: "இந்த மாத்திரைக்கு அந்த வாழைத்தண்டே தேவலாம்."

சிரித்து முடித்ததும்தான் அந்த உத்தரவு வந்தது. "எனக்கும் ஒரு மலர் போடுவ இல்ல? அதுல கல்லுன்னு போட்டுடாத. உடம்பு சரியில்லன்னும் போடாத. படிக்கிறவங்கள்ல ஒருத்தியாவது டாக்டர் கேக்கறப்ப உண்மையச் சொல்லட்டும்."

அந்த வாரமே, மகளும் மருமகனும் சரோஜாம்மாவும் அருகிலிருக்க, அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

சென்ற மாதம் நானும் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். வரவேற்பில் இருந்த பெண், "மனேல்லி யாரிகாதரூ கேன்சர் இத்தா சார்?" என்று கேட்டாள். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று. என் பின்னால் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. "எங்க அக்காவுக்கு. கிட்னில" என்றேன். பயத்தில் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. அந்த அறையே திரும்பிப் பார்த்தது. இந்த முறை எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த வருடமும் போவேன். அப்போதும் பயப்படுவேன்.

அக்காவைத் தம் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த செக்கிங் பிரிவுத் தோழிகளுக்கும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வண்டியெடுத்த நயாஸ் பாய்க்கும், அக்காவுக்குக் கடைசி ஆண்டுகளில் தன் வீட்டு அடுப்பிலிருந்தே ஊட்டிய சரோஜாம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. ஆறு வருடம் வாழைத்தண்டு சுமந்துவந்த உறவினர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. மருந்து தவறு என்றாலும் அன்பு சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

இன்று முதலாம் ஆண்டுப் படையலில் அக்காவுக்குப் பிடித்தவை எல்லாம் இலையில் இருக்கும். ராகி கஞ்சியும் ஒரு டம்ளர் இருக்கும். பழக்கத்தில் யாராவது வாழைத்தண்டு கொண்டுவந்திருந்தால், தயவுசெய்து இலையில் வைத்துவிடாதீர்கள். எங்களிடம் கொடுங்கள், நாங்கள் சாப்பிட்டுக்கொள்கிறோம். அக்கா தம் பங்கைக் குடித்துவிட்டார்.